சிறுநீரக நோயும் கால் தசைநாணும்



முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பைப் பக்கமிருந்து டயாலிசிஸுக்காக பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் இன்று ஒரு முக்கியமான விஷயம் சொல்லப்போகிறேன்.

தசையை எலும்போடு கட்டியிருக்கும் கயிறுதான் தசைநாண். பேச்சில் 'நரம்பு' என்போம். ஆனால் நரம்பு வேறு, இது வேறு. முழங்கால் சில்லுக்கு மேலேயும் குதிகாலுக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள், கையில் தட்டுப்படும்.

சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கும், சுண்ணாம்புச் சத்து குறையும். அதை ஈடுகட்ட, கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் நான்கு சிறு சுரப்பிகள் அளவுக்கு மீறி வேலை செய்து, எலும்பிலுள்ள சுண்ணாம்பை உருவிவிடும். முளைக்குச்சி உளுத்துப்போனால் கயிறு இருந்தும் மாடு நிற்குமா? அதுபோல, படியிறங்கும்போது லேசாக இடறினாலே தசைநாண் பிய்ந்துவிடலாம்.

எப்படித் தெரியும்? 'டப்'பென்று சத்தம் கேட்கலாம். சில்லுக்கு மேலே பள்ளம் விழும். காலை நீட்டித் தூக்க வராது. குதிகாலில் அறுந்தால் நுனிக்காலில் நிற்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்றதும், "ஒண்ணுமில்லே, சுளுக்குதான்" என்று இருந்துவிடாதீர்கள். தைலம் போட்டு உருவுவதும் கட்டுப் போட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். முற்றிலும் அறுந்த முழங்கால் தசைநாணை ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும். நாள் கடந்தால் அது சுருங்கிக்கொள்ளும், தைப்பது கடினம். உடனே எலும்பு டாக்டரிடம் காட்டி, சிறுநீரக நோய் இருப்பதையும் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை மாத்திரைகளால் தசைநாண் அறுபடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-ஆம் ஆண்டிலேயே கடுமையாக எச்சரித்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். இவற்றைச் சாப்பிடும்போது குதிகால் வலித்தால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்தே சாப்பிடுங்கள். ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்காதீர்கள். தாம்பரம் ரயில்நிலையப் படிகளில் கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது.

அம்மா, "காலு பிடிச்சுக்கிச்சு" என்று வீட்டுக்காரர் சொன்னால் தைலப் புட்டியைத் தேடாதீர்கள். ஐயா, உங்கள் சம்சாரம் சொன்னாலும் அப்படியே. நோயாளியின் பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.