பித்தப்பை அறுவைக்கு முன் மீயொலி காட்டுவது என்ன?



மும்மணிகளுள் நற்காட்சி முதலில் வைக்கப்பட்டுள்ளது. தெளிவு முந்த வேண்டும், செயல் அதன்பின் வர வேண்டும். உடலைப் பேணும் மருத்துவத்திற்கும் இவ்வரிசை பொருந்தும்.

1985-ஆம் ஆண்டு ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்னும் மருத்துவர், லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். இன்று அம்முறை எங்கும் பரவியுள்ளது. துளை சிறிதாதலால், உள்ளிருப்பதை முன்னரே அறிதல் இன்றியமையாதது. அவ்வறிவைத் தருவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் கதிர்வீச்சும் இல்லை, ஊசியும் இல்லை.

செவிக்கு எட்டாத ஒலியலை வயிற்றினுள் சென்று மீண்டு உருவத்தைக் காட்டுகிறது. கல் ஒலியைத் தடுப்பதால் அதன் பின்னே நிழல் விழும். நோயாளி புரண்டு படுத்தால் கல்லும் நகரும். பையின் கழுத்தில் சிக்கிய கல் நகராது. பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பின் அழற்சி உண்டோ என ஆராயப்படும். பொதுப் பித்தநாளம் 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருப்பின், அங்கும் கல் இருக்கக்கூடும். நாளத்துக் கல் சில வேளை ஸ்கேனில் புலப்படாது. ஆதலின் இரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.சி.பி. படமும் தேவைப்படலாம்.

சுவர் தடித்து, பை சுருங்கி, கல் சிக்கியிருப்பின் அறுவை கடினமாகும். அந்நிலையில் இடையே வயிற்றைத் திறந்து முடிக்க நேரலாம். அது மருத்துவரின் தோல்வியன்று; நோயாளியின் உயிர் காக்கும் முடிவு. இதனைக் குடும்பத்தினர் முன்னரே கேட்டறிந்து ஒப்புதல் அளித்தல் நலம். தொல்லை தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டுவதில்லை என்பதும் அறியத்தக்கது.

உண்டபின் பித்தப்பை சுருங்கிவிடுமாதலால், ஸ்கேனுக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் உண்ணாதிருத்தல் வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத இல்லங்களுக்கு இது புதிதன்று; மறுநாள் காலையே அதற்கு உகந்த வேளை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல நாள் தொடர் உண்ணாநோன்பில் பித்தநீர் பையிலேயே தேங்கித் தடிக்கும். அது கல் உருவாகவும் வழி செய்யும். பித்தக்கல் உடையோர் தசலட்சணப் பருவத்து நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நீரிழிவு மருந்து உண்போர் ஸ்கேனுக்கு உண்ணாதிருக்கும் முன்பும் அவ்வாறே கேட்டறிதல் வேண்டும். வலியை நோன்பின் வருத்தமெனக் கருதி மறைப்பது தகாது. காய்ச்சலோ மஞ்சட்காமாலையோ சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற தவமும் ஒன்று. தன் ஆற்றலின் எல்லையை அறிதலும் அத்தவத்தின் பகுதியே ஆகும்.

அனைவரும் நோயற்று வாழ்க! அறம் வளர்க!