தாடை எலும்பு மீளாக்கம்: சொல்லும் பொருளும்



பல் மருத்துவத்தைப் பற்றி மொழியியல் படித்தவன் ஏன் பேசுகிறான் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். என் தமக்கையார் கேட்ட ஒரு கேள்வியே இவ்வுரைக்குக் காரணம்.

கடைவாய்ப் பல்லை இழந்திருந்த அவருக்குச் செயற்கைப் பல்வேர் பதிக்க வேண்டியிருந்தது. தாடை எலும்பு தேய்ந்திருந்ததால் முதலில் எலும்பை வளர்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் ‘பயோமெட்டீரியல்’ என்று கண்டதை நான் ‘உயிரிப்பொருள்’ என்று தமிழாக்கிச் சொன்னேன். வாழ்நாள் முழுவதும் மரக்கறி உண்டு வாழ்ந்த தமக்கையார், “எந்த உயிரின் பொருள்?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரைக் கேட்டபோதுதான் அது மாட்டெலும்பிலிருந்து எடுக்கப்பட்ட கனிமம் என்று தெரிந்தது. செயற்கைப் பொருளும் உண்டு என்று அவர் விளக்கவே, தமக்கையார் அதனைத் தேர்ந்துகொண்டார். என் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் அவர் அறியாமலே கையெழுத்திட்டிருப்பார்.

இனிப் பொருளுக்கு வருவோம். பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே வாழ்கிறது. பல்லைப் பிடுங்கியபின் அதற்கு வேலையில்லை, எனவே கரைகிறது. கடைவாய்ப் பகுதியில் அதன் அகலம் ஓராண்டில் ஏறக்குறையப் பாதியளவு குறைந்துவிடலாம். அக்குறைவின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நேர்கிறது. கரைந்த எலும்பை மீளாக்க மூன்று வேண்டும்: சாரம், தூண்டுதல், உயிரணு.

முதலாவது சாரம். அடுக்குமாடி எழும்பும் இடங்களில் சாரம் கட்டுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். புதிய எலும்பணுக்கள் ஏறிப் பற்றிக்கொள்ளத் தாடையிலும் அவ்வாறொரு சாரம் வேண்டும். அது நோயாளியின் சொந்த எலும்பாகவோ, பிறர் ஈந்த எலும்பாகவோ, மாட்டெலும்புக் கனிமமாகவோ, கால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைப் பொருளாகவோ இருக்கலாம். கட்டடச் சாரத்தைப் பிரித்து எடுத்துவிடுவர். இங்கோ சில பொருள்கள் கரைந்து எலும்புக்கு இடம்விடும். மாட்டெலும்புக் கனிமம் பல ஆண்டுகள் தங்கிவிடுவதுண்டு. ஈறு எலும்பைவிட விரைவாக வளர்ந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும் என்பதால் இடையே ஒரு சவ்வை வைத்துத் தடுப்பர். அச்சவ்வு பன்றியின் கொலாஜனாலும் ஆனதாக இருக்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம் அன்பர்க்கு இது அறிந்தே தீரவேண்டிய செய்தி அன்றோ?

உண்மையில் ‘பயோமெட்டீரியல்’ என்பது உயிரிலிருந்து வந்த பொருள் என்று பொருள்படாது. உயிருள்ள உடலுள் வைத்துப் பயன்படுத்தத் தக்க பொருள் என்பதே அதன் கருத்து. தைத்தேனியமும் அதில் அடங்கும். ‘உயிரிப்பொருள்’ என்னும் தமிழ்ச்சொல் அக்கருத்தை மயக்குகிறது. ‘உடலேற்புப் பொருள்’ என்றால் மயக்கம் குறையும்.

இரண்டாவது தூண்டுதல். 1965இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், கனிமம் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றியதை அறிவித்தார். அதற்குக் காரணமான புரதங்கள் பின்னர் இனங்காணப்பட்டன. அவற்றுள் ஒன்றான பிஎம்பி-2, கொலாஜன் பஞ்சில் தோய்த்துத் தாடையில் சில குறிப்பிட்ட குறைகளுக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் 2007இல் இசைவு பெற்றது. பல்லைச் சூழ்ந்த எலும்புக் குறைகளுக்காகப் பிடிஜிஎஃப் என்னும் வேறொரு புரதம் 2005இலேயே அங்கு இசைவு பெற்றிருந்தது. நோயாளியின் குருதியையே சுழற்றிப் பிரித்து, குருதித்தட்டுகள் செறிந்த இழைக்கட்டியை எடுத்து வைக்கும் முறையும் உண்டு.

இவற்றை ‘வளர்ச்சிக் காரணி’ என்கிறோம். இச்சொல்லைக் கேட்பவர், மருந்தே எலும்பை வளர்த்துவிடும் என்று எண்ணக்கூடும். தமிழ் இலக்கணம் ‘வளர்ந்தது’, ‘வளர்த்தது’ என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்துக் காட்டுகிறது. இங்கு எலும்பு வளர்வது உயிரணுக்களால். புரதம் அவற்றுக்குக் குறிப்புத் தருகிறது. விளக்கின் திரியைத் தூண்டினால் சுடர் எழும். எண்ணெய் இல்லையேல் எத்துணை தூண்டினும் எழாது. ஆதலால் ‘வளர்தூண்டி’ என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இங்கே எண்ணெயாவது நல்ல குருதியோட்டமும் உயிரணுக்களும். புகைப்பழக்கமும் கட்டுப்படாத நீரிழிவும் அவ்வெண்ணெயை வற்றச் செய்யும். மிகையாகத் தூண்டுவதிலும் இடருண்டு. பிஎம்பி-2 இட்ட இடத்தில் பெருவீக்கம் ஏற்படுவது அறியப்பட்ட பக்கவிளைவு.

மூன்றாவது உயிரணு. பலவகை அணுக்களாக மாறவல்ல மூல அணுவைச் சிலர் ‘தண்டு அணு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட்டனர். தண்டு முற்றியது, குருத்தோ இனி விரிய வேண்டியது. வாழையின் குருத்தைக் கண்ட எவர்க்கும் ‘குருத்தணு’ விளக்கமின்றிப் புரியும்.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். மாணவர் பயிலவேண்டும் என்பது அவர் நோக்கம். இன்று நமக்கு இன்னொரு கடமையும் உண்டு: நோயாளி அறிந்து ஒப்புதல் தரவேண்டும்.

ஆசிரியர்களே, கலைச்சொல்லை மனனம் செய்விப்பதோடு நில்லாமல், அதனைப் பாட்டிக்கு விளக்குமாறு மாணவரிடம் சொல்லுங்கள். மாணவர்களே, நாளை நீங்கள் பெற்றோரின் அருகில் அமர்ந்து படிவத்தைப் படித்துக் காட்டுவீர்கள். அப்போது மூன்றை மறவாது கேளுங்கள்: இப்பொருள் எதனால் ஆனது? எங்கிருந்து வந்தது? உடலுக்குள் சென்றபின் என்னவாகும்? விடை கிடைத்தபின் தமிழில் சொல்லுங்கள். அதன்பின் அவர்கள் கையெழுத்திடட்டும்.