இஸ்தோப்புப் படங்கை நாமே தைப்போம்

(லயத்துக் குடும்பங்களின் ஞாயிறு கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு இஸ்தோப்புக்கு முன்னால் கட்டியிருக்கிற படங்கைப் பற்றிப் பேசப்போகிறேன். "இதுக்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். அதற்குள்ளே எத்தனை பேர்! தாத்தா பாட்டி உட்காருவது, பிள்ளை படிப்பது, விறகு அடுக்குவது, மலைக்குக் கட்டிப்போன ஈரச்சேலை காயப்போடுவது எல்லாம் இஸ்தோப்பில்தான். படங்கு கிழிந்தால் பாதி வீடு போனமாதிரி. விறகு நனையும். நனைந்த விறகு புகையும். அந்தப் புகையைச் சின்னப் பிள்ளைதான் முதலில் குடிக்கும்.

2022ஆம் ஆண்டு ரூபாயின் மதிப்பு விழுந்தபோது சாமான் விலையெல்லாம் ஏறியது உங்களுக்குத் தெரியும். புதுப் படங்கு வாங்க எத்தனை பேர் போடவேண்டும் என்று கணக்குப் பாருங்கள். ஒரு சாக்கு ஊசியும் ஒரு கட்டு நைலோன் நூலும் இருந்தால் பழைய படங்கே இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

முதலில் நூல். சட்டை தைக்கிற பருத்தி நூல் வேண்டாம். மழையில் ஊறி இற்றுப்போகும். செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கும் நைலோன் நூல் நல்லது. தங்கூசியும் சரி, ஆனால் முடிச்சு வழுக்கும், இரண்டு மூன்று தரம் போடவேணும். நூலில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டுத் தையுங்கள். லேசாக இழுபடும், ஊசி ஓட்டையில் தண்ணீரும் குறைவாக இறங்கும்.

கிழிசலை அப்படியே இழுத்துச் சேர்த்துத் தைக்காதீர்கள். சுருங்கும், அடுத்த காற்றில் பக்கத்திலேயே கிழியும். கிழிசலைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிய ஒட்டுத்துண்டு வெட்டுங்கள். நாலு மூலையையும் வட்டமாக வெட்டினால் மூலை கிளம்பாது. துண்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு வரி, கிழிசலின் ஓரத்தைச் சுற்றி இன்னொரு வரி தையுங்கள். தையலை ரொம்ப நெருக்கிப் போடக்கூடாது. நெருக்கினால் முத்திரையின் ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி, அந்த வழியே பிய்ந்துவிடும். மெஷின் உள்ளவர்கள் 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலை நீளமாக வையுங்கள்.

இரண்டு துண்டை இணைக்கும்போது கூரைக்குத் தகரம் அடிக்கிற முறைதான். மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஏறி நிற்கவேண்டும். மாற்றித் தைத்தால் தண்ணீர் உள்ளேதான் வரும். உரச்சாக்கு பாவிப்பவர்கள் நன்றாகக் கழுவிய பிறகே தொடுங்கள். அந்தச் சாக்கு வெயிலில் நொறுங்கும், ஆகவே இரண்டு மடிப்பாகப் போடுங்கள். மருந்து வந்த பையை மட்டும் வீட்டுப்பக்கம் கொண்டுவரவே கூடாது.

மூலை வளையம் பிய்ந்துவிட்டதா? வழவழப்பான கூழாங்கல் ஒன்றை மூலையில் வைத்து, துணியால் மூடி, கல்லின் கழுத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஓட்டை போடவே தேவையில்லை. தகர விளிம்பு உராயும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிவிடுங்கள்.

கட்டும்போது சரிவு முக்கியம். நாலடி நீளத்துக்கு ஓரடியாவது தாழ வேண்டும். பத்து லீட்டர் வாளியால் நாலு வாளித் தண்ணீர் தேங்கினால் 40 கிலோ. நிறைந்த கொழுந்துக் கூடையைவிடப் பாரம்! கம்போடு சேர்ந்து பிள்ளையின் தலையில் விழும். அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ படங்கு வரக்கூடாது, ஒரு பொறி போதும். மின்சாரக் கம்பியில் கயிறு கட்டவே வேண்டாம். பெருங்காற்று வந்தால் அவிழ்த்துச் சுருட்டி வையுங்கள். காய்ந்த பிறகு மடித்தால் பூஞ்சணமும் பிடிக்காது.

இன்னொன்றும் சொல்லவேணும். அண்ணன்மாரே, கோபிக்க வேண்டாம். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்து, வந்து சமைத்து, அதற்கப்புறம் படங்கும் அம்மாதான் தைக்க வேணுமா? சாக்கு ஊசி தள்ளுவதற்குக் கைப்பலம் வேணும். ஆம்பிளைகள் தையுங்கள், பிள்ளைகள் நூல் கோத்துக் கொடுக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். படங்கு கூரை ஆகாது. கூரைத் தகரம் உக்கியிருந்தால் படங்கைப் போட்டு மூடிவிட்டுச் சும்மா இருக்காமல் தோட்டக் காரியாலயத்தில் எழுத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

மேற்குப் பக்க மலைகளுக்கு மே மாதம் தென்மேல் மழை தொடங்கும். ஊவாப் பக்கத்துக்கு ஒக்டோபருக்குப் பிறகுதான் பெருமழை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். லயத்துக்கு ஒரு சாக்கு ஊசி இருந்தால் போதும், கைமாற்றிக் கைமாற்றித் தைக்கலாம். விரல் அளவு கிழிசலை இன்றைக்கே தைத்தால், மழைக்காலம் முழுக்கப் பிள்ளை நனையாமல் இஸ்தோப்பில் உட்கார்ந்து படிக்கும்.