பேட்டரி நல்லாத்தான் இருந்தது!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, ஆனா தூங்க வச்சிடாதே" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டுக்கு முந்தின நேரம் வேறு. ஆகவே ஒரே ஒரு கதை, அதுவும் நான் ஏமாந்த கதை.

எனக்கு வேலை அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தில். அங்கே 'ஆர்.வி.' என்று ஒரு வண்டி உண்டு. அடுப்பு, படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தேன். 2022 அக்டோபரில் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார்கள். மனைவி, நாலு வயது மகள், அம்மா எல்லோருமாக கிராண்ட் கேன்யன் கிளம்பினோம். அதன் தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். பகலில் வெயில் அடிக்கும்; ராத்திரியில் தண்ணீர் உறைகிற குளிர் வரும். நாங்கள் தங்கிய மேத்தர் முகாமில் வண்டிக்குக் கரண்ட் இணைப்பு கிடையாது. ராத்திரியில் ஜெனரேட்டர் ஓட்டவும் அனுமதி இல்லை. பேட்டரிதான் கதி.

பதினோரு மணிக்கு அம்மா என்னை எழுப்பினார்கள். "என்னடா, ஃபேன் ஓடுது, காத்து மட்டும் ஜில்லுன்னு வருது?"

காஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அடுப்பைப் பற்ற வைத்தால் நீலமாக, ஜோராக எரிகிறது. சரி, பேட்டரியாக இருக்கும் என்று ஹீட்டரை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். ஈய அமில பேட்டரிக்கு அது கிட்டத்தட்ட முழு சார்ஜ், 12.2 என்றால்தான் பாதி. அந்த வண்டிக்கு அது ஒரு வருஷத்தில் இரண்டாவது புது பேட்டரி வேறு. லைட் மங்குது, ஹீட்டர் நின்னுடுதுன்னு போய்ச் சொன்னால், ஒர்க்‌ஷாப்பில் பேட்டரியை மாற்றிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். நானும் கொடுத்தேன். எஞ்சினியர்!

"வண்டி ஸ்டார்ட் ஆகுதே, அப்ப பேட்டரி எப்படிடா போகும்?" என்றார்கள் அம்மா. நல்ல கேள்வி. இந்த வண்டியில் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்குத் தனி பேட்டரி. முதலாவது ஸ்டார்ட் பண்ணும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். மற்றது கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரி முழுக்கக் கொடுக்க வேண்டியது. ஒன்று நன்றாக இருப்பதால் மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இன்ஜினை ஓட விட்டுட்டுத் தூங்கலாமா?" என்றாள் மனைவி. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, கூடாது என்றேன். அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான். இருந்த கம்பளி எல்லாவற்றையும் குழந்தைக்கும் அம்மாவுக்கும் போர்த்தினோம். குழந்தையின் கால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நாலைந்து மணி நேரத்தில்தான் நம்ம எலக்ட்ரிக்கல் லேப் ஞாபகம் வந்தது. செல்லில் லோடு போடாமல் ரீடிங் எடுத்தால் ரெக்கார்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரே, அந்த லேப்!

ஹீட்டரை நிறுத்திவிட்டு எடுத்த அளவுதானே அது? கரண்ட் ஓடாதபோது எந்தக் கெட்ட இணைப்பும் மீட்டரில் மாட்டாது.

விடிந்ததும் ஹீட்டரை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 12.4. ஹீட்டர் முனையில் 10.2! நடுவில் 2.2 வோல்ட் எங்கேயோ போகிறது. அந்த ஹீட்டரில் காற்று வேகமாக அடித்து ஒரு சின்னத் தகட்டைத் தள்ளினால்தான் ஸ்விட்ச் போடும், அதற்கு அப்புறம்தான் காஸ் பற்றும். வோல்ட் குறைந்தால் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், தகடு நகராது. அம்மா சொன்ன ஜில் காற்றுக்குக் காரணம் அதுதான்.

அப்புறம் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு பக்கமும் மீட்டர் முனையை வைத்துக்கொண்டே போனேன். பாசிட்டிவ் பக்கம் முழுக்க 0.2. நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் 1.9. ஹீட்டர் இழுப்பது சுமார் 8 ஆம்பியர். கணக்குப் போடுங்கள் தம்பிகளா: கால் ஓம்கூட இல்லை, ஆனால் 15 வாட் அங்கேயே வீண். படுத்துக்கொண்டு கையை விட்டுப் பார்த்தேன். கிரவுண்ட் வயரை முடுக்கிய போல்ட் சூடாக இருந்தது. அந்தக் குளிர் காலையில் அந்த வண்டியில் சூடாக இருந்த ஒரே பொருள் அதுதான்!

நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, போல்டை எடுத்து, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். அரை மணி நேர வேலை. சார்ஜ் ஏறுவதும் அதே போல்ட் வழியாகத்தான் என்பதால், முந்தின பேட்டரிகள் அரைகுறை சார்ஜிலேயே கிடந்து கெட்டிருக்கலாம்.

இப்போது லித்தியம் பேட்டரி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் பெரும்பகுதி நேரம் 13.2 வோல்ட் பக்கமே நிற்கும். வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு மீதி என்று சொல்லவே முடியாது. அதற்கு ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டர் வேண்டும். ஆனால் துருப்பிடித்த போல்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அன்று ராத்திரி ஹீட்டர் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டதும் அம்மா, "இதை நேத்தே செஞ்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

வெளியே நிற்கிற நம்ம காலேஜ் பஸ்ஸைக் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள், பார்த்தேன். புது பேட்டரி போட்டு ஆறு மாதம்தான் ஆகிறதாம். பையில் மீட்டர் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் விருப்பமுள்ள தம்பி தங்கைகள் பஸ்கிட்ட வாங்க. டிரைவர் அண்ணன் செல்ஃப் அடிக்கட்டும், நாம் அளக்கலாம்.