32-வது செகண்டில் கட்டான கால்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு எண்ணைப் பத்திப் பேசப் போறேன். 32.

கொஞ்ச வருஷம் முன்னாடி எங்க டீம் ஒரு ஆஸ்பத்திரியோட அப்பாயின்ட்மென்ட் லைனைப் பார்த்துக்கிட்டு இருந்தது. எல்லாமே இன்டர்நெட் வழியா வர்ற கால். முன்னால ஒரே ஒரு சர்வர்தான். அது படுத்தா லைனும் படுத்துரும். அதனால ரெண்டு சர்வர் வெச்சு, ரெண்டுக்கும் பொதுவா ஒரு விர்ச்சுவல் ஐபி போட்டோம்.

விர்ச்சுவல் ஐபிங்கிறது எந்த மெஷினுக்கும் நிரந்தரமாச் சொந்தமில்லாத முகவரி. அப்போ யாரு டியூட்டியோ அவங்க அதை மாட்டிக்குவாங்க. யாரு டியூட்டின்னு முடிவு பண்றதுக்கு விஆர்ஆர்பின்னு ஒரு புரோட்டோகால் இருக்கு. லினக்ஸ்ல கீப்அலைவ்டிங்கிற சாஃப்ட்வேர் அதைச் செய்யும். டியூட்டில இருக்கிற மெஷின் செகண்டுக்கு ஒரு தடவை "நான் இருக்கேன்"னு குரல் கொடுத்துக்கிட்டே இருக்கும். மூணு தடவை சத்தம் இல்லைன்னா அடுத்த மெஷின் முகவரியை எடுத்துக்கிட்டு, "இனிமே இந்த ஐபி என்கிட்ட"ன்னு நெட்வொர்க்குக்கே அறிவிச்சுரும். நாலு செகண்டுக்குள்ள கதை முடிஞ்சுரும்.

டெஸ்ட்டும் பண்ணினோம். பிங் ஓடவிட்டு ஒரு மெஷினோட கேபிளைப் பிடுங்கினோம். மூணு பிங் போச்சு, நாலாவது வந்துருச்சு. பிரியாணி ஆர்டர் பண்ணிட்டோம்.

மறுநாள் காலையில ரிசப்ஷன்ல இருக்கிற அக்கா கூப்பிட்டாங்க. "தம்பி, பேசிக்கிட்டு இருக்கும்போதே கட்டாகுது." குரல் கணீர்னு கேக்குது, திடீர்னு போயிருது. ஒரு பெரியவர் டயாலிசிஸ் நேரத்தை மாத்தணும்னு மூணு தடவை கூப்பிட்டிருக்கார். பேரும் பேஷன்ட் நம்பரும் சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு தடவையும் கட். நாலாவது தடவை அவர் கூப்பிடவே இல்லை. அக்காதான் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி, தன்னோட செல்லுல அவரைப் பிடிச்சாங்க.

லாகை எடுத்துப் பார்த்தா எல்லாக் காலும் 32 செகண்ட். நெட்வொர்க் மோசம்னா கண்டபடி கட்டாகும். இப்படிக் கணக்கா கட்டாகுதுன்னா யாரோ எண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம்.

எண்ணினது எஸ்ஐபி. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி இல்லைங்க, காலைச் சேர்த்து வைக்கிற புரோட்டோகால். 2002-ல வந்த ஆர்எஃப்சி 3261-ல இதோட விதி எல்லாம் இருக்கு. கூப்பிடறவர் 'இன்வைட்' அனுப்புவார். எடுக்கிறவர் '200 ஓகே' சொல்வார். கூப்பிட்டவர் திரும்ப 'ஆக்'னு ஒண்ணு அனுப்பணும், உன் பதில் கிடைச்சுதுன்னு. அது வரலைன்னா எடுத்தவர் 200 ஓகேவைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பார். அரை செகண்டோட 64 மடங்கு, அதாவது 32 செகண்ட் பொறுத்துட்டு, 'பை' சொல்லி வெச்சுருவார்.

அப்போ ஆக் எங்கே போச்சு? இன்வைட்டுன்னா அழைப்பிதழ்தானே. கல்யாணப் பத்திரிகையில மண்டபத்து முகவரி போட்டாச்சு, எல்லாரும் வந்தாச்சு. ஆனா மொய்க் கவரை மட்டும் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கன்னு இன்னொரு சீட்டு கொடுத்தா? வீடு பூட்டியிருக்கு. எங்க சர்வர்ல ஓடினது கமைலியோ. அதுல பழைய ஒத்தை மெஷினோட சொந்த ஐபியை வெளியே அறிவிக்கச் சொல்லி ஒரு வரி அப்படியே கிடந்துச்சு. அதனால இன்வைட் விர்ச்சுவல் ஐபிக்கு வந்துச்சு, பதிலுக்குள்ள 'ரெக்கார்ட் ரூட்'ல பழைய ஐபி போச்சு. ஆக் நல்ல பிள்ளையா அந்தப் பழைய ஐபிக்கே வந்துச்சு. ஃபயர்வால்ல அந்தக் கதவை முந்தின நாள்தான் மூடியிருந்தோம். மூடினது நான்தான்.

பிங்குக்கு இதெல்லாம் தெரியாது. அது கதவைத் தட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எஸ்ஐபி முகவரியைக் கடிதத்துக்குள்ளேயும் எழுதி வைக்குது. மெஷின்ல விர்ச்சுவல் ஐபி போட்டா பாதி வேலைதான். காலுக்குள்ள எழுதற ஒவ்வொரு முகவரியும் அதுவா இருக்கணும்.

அந்த வரியை மாத்தினோம். உடனே அடுத்த வம்பு. ஸ்டாண்ட்பை மெஷின்ல கமைலியோ கிளம்பவே மாட்டேங்குது. நியாயம்தான், அதுகிட்ட இல்லாத ஐபியில உட்காருன்னா லினக்ஸ் விடாது. 'ஐபி நான்லோக்கல் பைண்ட்'ங்கிற செட்டிங்கை 1 ஆக்கினதும் சரியாச்சு. கீப்அலைவ்டி மெஷின் உயிரோட இருக்கான்னு மட்டும் பார்த்தா போதாது. கமைலியோ செத்துப் போய் மெஷின் மட்டும் ஓடினா முகவரி அங்கேயே கிடக்கும். அதனால எஸ்ஐபி 'ஆப்ஷன்ஸ்' அனுப்பிப் பதில் வருதான்னு பார்க்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டையும் சேர்த்தோம்.

லோட் பேலன்சிங் எங்கேன்னு கேப்பீங்க. விர்ச்சுவல் ஐபி தனியா சுமையைப் பிரிக்காது, வாசலை மாத்தி வைக்கும். பிரிக்கிறது பின்னால. கமைலியோ, நாலு ஆஸ்டரிஸ்க் மெஷினுக்குக் காலைப் பங்கு போடும். வர்ற பாக்கெட்டை எல்லாம் வரிசையா ஆளுக்கு ஒண்ணுன்னு கொடுக்கக் கூடாது. இன்வைட் ஒருத்தர்கிட்டயும் பை இன்னொருத்தர்கிட்டயும் போனா, "இந்தக் காலே எனக்குத் தெரியாது"ன்னு 481 வரும். ஒரு கால் முழுக்க மாறாதது கால்-ஐடி. அதை ஹேஷ் பண்ணி ஆளைத் தேர்ந்தெடுத்தா அந்தக் கால் அதே ஆளோட இருக்கும். ஒண்ணு மட்டும், பெரும்பாலான கிளவுட்ல விஆர்ஆர்பி மல்ட்டிகாஸ்ட் வழக்கமா போகாது. அங்கே வேற வழி பார்க்கணும், அது இன்னொரு எபிசோட்.

ரெண்டாவது தடவை டெஸ்ட்டுக்கு பிங் வேண்டாம்னு முடிவு பண்ணி, அக்காவையே கூப்பிட்டேன். பேசிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல இருந்தவன் கேபிளைப் பிடுங்கினான். குரல் நிக்கலை, ஏன்னா ஆடியோ எங்க கமைலியோ வழியா வராம நேரா ஆஸ்டரிஸ்க்குக்குப் போயிக்கிட்டு இருந்தது. நான் வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே இருந்தேன். 31, 32, 33.

"என்ன தம்பி, பேச்சையே காணோம்? லைன்ல இருக்கீங்களா?"ன்னாங்க அக்கா.

பிரியாணி அதுக்கப்புறம்தான்.