சாலை விரிவாக்கமும் தொல்பொருள் ஆய்வும்
(உரையின் வாசகம்)

1966-ஆம் ஆண்டில், தெற்கு டில்லியின் பகாப்பூர் கிராமத்தை அடுத்து வீடுகள் கட்டப்பட்டுக் கொண்டிருந்தபோது, பாறையொன்றில் எழுத்துகள் இருப்பதை ஓர் ஒப்பந்தக்காரர் கண்டார். அது பேரரசர் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு என அறிஞர்கள் உறுதி செய்தனர். பண்டைய வணிகப் பெருவழி டில்லியைத் தொட்டுச் சென்றது என்பதற்கு இக்கல்வெட்டு சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அது தப்பியது தற்செயலே. தற்செயலை நம்பி ஒரு நாடு தன் வரலாற்றைக் காக்க இயலாது.

டில்லியைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகள் பல, பழைய பெருவழிகளின் மீதே அமைந்தவை. மொகலாயர் காலத்தில் இவ்வழிகளில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாகக் 'கோஸ் மினார்' எனும் தூரக் கம்பங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றை டில்லி உயிரியல் பூங்காவில் இன்றும் காணலாம். பரீதாபாத்தை அடுத்த முஜேசரில் இருந்த மினாரோ மறைந்துவிட்டது. 2024-இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்க முற்பட்ட 18 சின்னங்களுள் அதுவும் ஒன்று. 2013-இல் வெளியான தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, நேரில் பார்வையிடப்பட்ட 1,655 சின்னங்களில் 92 காணப்படவில்லை எனக் கூறியது.

1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட பகுதியாகவும் வகுத்துள்ளன. எனினும், பட்டியலில் இடம் பெற்ற சின்னங்களுக்கே இக்காப்பு உண்டு. மண்ணில் புதைந்து கிடக்கும் பெயரில்லா மேட்டுக்கு அது இல்லை. சாலையை உயர்த்த மண் தேடும்போது முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அத்தகைய மேடுதான்.

முன்னாய்வுக்கு நம் நாட்டிலேயே சிறந்த முன்மாதிரி உண்டு. நாகார்ஜுனசாகர் அணையால் மூழ்கவிருந்த நாகார்ஜுனகொண்டா பள்ளத்தாக்கில் 1954 முதல் 1960 வரை விரிவான அகழாய்வு நடந்தது. கற்காலம் முதல் இடைக்காலம் வரையான சான்றுகள் வெளிப்பட்டன. முக்கியச் சின்னங்கள் சில உயரமான இடத்திற்கு மாற்றி அமைக்கப்பட்டன. நீர்த்தேக்கம் தன் எல்லையை மாற்றிக் கொள்ளாது. சாலையோ, உரிய காலத்தில் அறிந்தால், சிறிது வளைந்து செல்லக் கூடியது. இதுவே சாலைத் திட்டத்தின் தனி வாய்ப்பு.

ஆய்வினால் காலதாமதமும் செலவும் ஏற்படும் என்பது பொதுவான ஆட்சேபம். மண் பரிசோதனையுடன் சேர்த்தே இப்பணியையும் செய்யலாம். பழைய வரைபடங்களையும் வருவாய்த் துறைப் பதிவேடுகளையும் பார்த்தல், ஊர்ப் பெயர்களை விசாரித்தல், வழித்தடத்தில் நடந்து பானையோடுகளைக் குறித்தல், ஐயத்திற்குரிய இடங்களில் சோதனைக் குழிகள் இடுதல் ஆகியவையே அதன் படிகள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சான்று வெளிப்பட்டால்தான் இயந்திரங்கள் நின்று, இழப்பீட்டுக் கோரிக்கைகள் எழுகின்றன. அமெரிக்காவின் 1956-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் தொல்பொருள் மீட்புக்குச் சாலை நிதியைச் செலவிட இடமளித்தது. பிரான்சு 2001-இல் இயற்றிய சட்டம், நிலத்தை மாற்றுபவரே இதற்கு நிதியளிக்க வேண்டும் என விதித்தது.

சாலையை மீண்டும் போடலாம். ஒருமுறை கலைந்த மண்ணடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. எனவே, வழித்தடம் முடிவாகும் முன்பே தொல்பொருள் ஆய்வு நடப்பது, வளர்ச்சிக்குத் தடையாகாது. திட்டமிடுதலின் ஓர் அங்கமாகவே அமையும்.