டி.வி.யில் கேட்கிற காசும் நம் போட்டோவும்

(வேங்கிக்காலில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வங்கி இணைப்புக் கடன் பற்றிப் பேசுவதாகத்தான் அழைப்பில் போட்டிருந்தோம். ஆனால் போன கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. "டி.வி.யில பசங்க அழுவுறத காட்டி காசு கேக்கறாங்க. வெளிநாட்டுலேர்ந்து கோடி கோடியா வருதுன்றாங்க. யார் கைக்குப் போய்ச் சேருது? நீங்களும் அப்படித்தானே எங்க போட்டோவை எடுத்துக்கினு போறீங்க?" நாலு பேர் சிரிச்சாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வந்ததைச் சாக்கு வைத்துக் கூட்டத்தை முடித்துவிட்டோம். அது தப்பு. அதனால் இன்று அதற்குத்தான் முதலில் பதில்.

2024 டிசம்பர் 1-ஐ நமக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டாம். ஃபெஞ்சல் புயல் மழையில் மலை சரிந்து, வ.உ.சி. நகரில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனாங்க. எத்தனை கேமரா வந்தது என்று நாமே பார்த்தோம். அந்த வாரமே ஒரு குழந்தை படத்தோடு, பணம் அனுப்பும் கட்டம் போட்ட செய்தி நம் போன்களுக்கு வந்தது. யார் அனுப்பினது, எந்தக் கணக்கு, ஒன்றும் இல்லை. நம்மில் சிலர் 50, 100 என்று அனுப்பினாங்க. ரசீது இன்றுவரை வரவில்லை. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு அனுப்பியவர்களுக்கு ரசீது வந்தது. இரண்டும் ஒரே போனில் வந்ததால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

சுனாமி சமயத்தையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேருக்கு மேல் செத்தாங்க. உலகம் முழுக்க டி.வி.யில் பார்த்தவர்கள் பணம் அனுப்பினாங்க. இங்கிலாந்து மக்கள் மட்டுமே, அங்கே பல தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து விடுத்த ஒரே வேண்டுகோளுக்கு, 39 கோடி பவுண்டு வரை கொடுத்தாங்க. இந்திய அரசோ, பிற நாட்டு அரசுகளின் உதவி இப்போதைக்கு வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றது. 2018 கேரள வெள்ளத்திலும் இதே நிலைதான். ஆக "வெளிநாட்டுக்காரன் அனுப்புறான்" என்றால் எந்த வெளிநாட்டுக்காரன் என்று கேட்க வேண்டும். அரசாங்கமா, தொண்டு நிறுவனமா, துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பிள்ளையா?

நாகப்பட்டினத்தில் இன்னொன்று நடந்தது. லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கிழிந்தது, பொத்தான் இல்லாதது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே உடுத்தாதது. மீனவ மக்கள் தொடவில்லை. கடலில் இறங்கிச் சம்பாதித்தவர்கள், அடுத்தவர் கழித்த துணியை ஏன் கட்டணும்? ரோட்டோரம் குவிந்து மழையில் நனைந்து கிடந்தது. எடுத்துத் தரம் பிரிப்பதே தனி வேலையாகிப் போச்சு. கொடுத்தவர்கள் மனசில் கெட்ட எண்ணம் இல்லை. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்த ஊருக்கு என்ன தேவை என்று எழுதி வைத்துக் கொடுத்ததும் நிலைமை கொஞ்சம் சீரானது.

அதே சமயம் எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற அமைப்பு 2005 ஜனவரி முதல் வாரத்திலேயே, "சுனாமிக்கு எங்களுக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்பாதீர்கள்" என்று சொல்லிவிட்டது. போதும் என்று சொன்ன நிதி வசூல்காரரை நாங்கள் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை!

சந்தேகம் பற்றியும் ஒன்று. எத்தியோப்பியா பஞ்சத்தை 1984-ல் டி.வி.யில் காட்டினாங்க. 1985-ல் பெரிய பாட்டுக் கச்சேரி வைத்து, உலகம் முழுக்க ஒளிபரப்பிப் பணம் திரட்டினாங்க. 2010 மார்ச்சில் பி.பி.சி., அந்தப் பஞ்ச நிவாரணப் பணத்தில் ஒரு பகுதி துப்பாக்கி வாங்கப் போனது என்று செய்தி சொன்னது. அதே வருடம் நவம்பரில், கச்சேரிப் பணம் அப்படிப் போனதற்கு ஆதாரம் இல்லை என்று மன்னிப்பும் கேட்டது. முதல் செய்தி கேட்ட எத்தனை பேர் காதில் இரண்டாவது விழுந்திருக்கும்?

இப்போது நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் மகளிர் குழு எப்படி ஆரம்பித்தது? 1989-ல் தருமபுரியில், இஃபாட் என்ற பன்னாட்டு வேளாண் நிதியத்தின் உதவியோடு. பிறகு 2005-ல் வந்த புதுவாழ்வுத் திட்டம் உலக வங்கிப் பணம். உதவி என்று பேர், ஆனால் இரண்டும் நாட்டின் பேரில் வாங்கிய கடன். திருப்பிக் கட்டுவது வரிப் பணத்தில். நீங்கள் வாங்கும் சோப்பிலும் அந்த வரி இருக்கிறது. அதனால் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்க நீங்கள் கூச்சப்படவே வேண்டாம்.

எங்கள் அலுவலகத்துக்கும் வெளிநாட்டு நன்கொடை வந்தது. எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதி, வண்டிக்கு பெட்ரோல், இந்த டீ வரைக்கும் அதில் அடக்கம். மறைக்கவில்லை, ஆனால் நீங்கள் கேட்கும்வரை சொல்லவும் இல்லை. 2020-ல் சட்டத்தைத் திருத்தினாங்க. நிர்வாகச் செலவு 100-க்கு 50 வரை இருக்கலாம் என்பதை 20 ஆக்கிவிட்டாங்க. அது சரிதான் என்று எங்களில் பாதிப் பேர் நினைக்கிறோம். பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது என்றாங்க. நாங்கள் அதில்தான் அடிபட்டோம். இரண்டு களப்பணியாளர் வேலையை விட்டுப் போனது அதனால்தான். நீங்கள் வேறு காரணம் நினைத்திருக்கலாம்.

கடைசியாகப் போட்டோ. கேள்வி கேட்ட அம்மாவின் பேத்தியை நாங்கள் படம் எடுத்த அன்று, அவங்க ஓடிப்போய் நல்ல கவுன் எடுத்து வந்தாங்க. "வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொன்னது நாங்கள்தான். கிழிந்த சட்டையோடு அந்தப் பிள்ளை ஒரு அறிக்கையின் அட்டையில் இருக்கிறது. அந்த அறிக்கையை அந்த வீட்டுக்கு யாரும் காட்டவில்லை. போன வாரம் நேரில் போய்க் காட்டினோம். அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இவளுக்கு அன்னைக்கு ஒரு குறையும் இல்லியே" என்றாங்க. எங்களிடம் பதில் இல்லை.

இனி படம் எடுத்தால், எதற்கு, யாருக்குப் போகிறது என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் எடுப்போம். உங்கள் பேரேட்டை நாங்கள் மாதாமாதம் புரட்டுகிறோம் இல்லையா, எங்கள் வரவு செலவுக் கோப்பையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருகிறோம். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கண்டிப்பாக வந்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு வாங்க, எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது.